வர்ஜீனியா பல்கலைக்கழகம், 1826 நிலையில்: மாதிரிக்கு எதை வைப்பது, எதை விடுவது?

நூல்கண்டு · 3 பிப்ரவரி 2024, மாலை

கட்டிடக்கலை இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். செமஸ்டர் வேலையா, அமெரிக்க அதிபரா இருந்த தாமஸ் ஜெபர்சனோட வர்ஜீனியா பல்கலைக்கழக வளாகத்தை 1:200 அளவுல மாதிரி செய்யணும். அவர் இறந்த 1826-ல எப்படி இருந்துச்சோ அந்த நிலை. என்கிட்ட இருக்கிறது எல்லாம் இப்போ எடுத்த போட்டோதான். வெள்ளைத் தூண், ஸ்லேட் சாய்கூரை, ரோட்டண்டாங்கிற வட்டக் குவிமாடக் கட்டிடத்துக்கு முன்னாலயும் பின்னாலயும் தூண் மண்டபம். அப்படியே செஞ்சா போதுமா? ஜெபர்சன் தானே வரைஞ்சு தானே கட்டினதால பெரிசா யாரும் கைவச்சிருக்க மாட்டாங்கன்னு நினைக்கிறேன்.

முழக்கோல் · 3 பிப்ரவரி, இரவு

போதாது. இன்றைய படத்தில் 1830-களும் 1898-ம் 1976-ம் 2016-ம் ஒன்றின்மேல் ஒன்றாக ஏறியிருக்கின்றன. முதலில் இவற்றை அடித்துவிடுங்கள்: ரோட்டண்டாவின் வடக்கு மண்டபம் (1895 தீ விபத்துக்குப் பின் வந்தது), வளாகத்தின் நடுப் புல்வெளியின் தெற்குக் கடைசியை அடைத்து நிற்கும் கேபல் ஹாலும் அதன் இருபக்கக் கட்டிடங்களும் (1898 வாக்கில்), மாணவர் அறைகளின் மேலுள்ள ஸ்லேட் சாய்வு (அன்று அங்கே தட்டைக் கூரை), தூண்களின் வெள்ளை நிறம், ரோட்டண்டா முகப்பின் கடிகாரம் (பாஸ்டன் கடிகாரக்காரர் சைமன் வில்லர்டின் வேலை, 1827-ல்தான் ஏறியது).

தானே வரைந்தார் என்பது சரிக்குக் கிட்டத்தட்ட. தானே கட்டினார் என்பதை விட்டுவிடுங்கள். மிச்சம் நாளைக்கு.

முழக்கோல் · 4 பிப்ரவரி

வரைந்தது பற்றி. 1817 மே மாதத்தில் ஜெபர்சன் வில்லியம் தார்ன்டனுக்கும், அடுத்த மாதம் பெஞ்சமின் லட்ரோபுக்கும் தன் யோசனையை எழுதி அனுப்பிக் கருத்துக் கேட்டார். இருவரும் வாஷிங்டன் காங்கிரஸ் கட்டிட வேலையில் பங்கெடுத்தவர்கள். ஜெபர்சனிடம் அப்போது இருந்தது ஒரு திறந்த சதுரம். மூன்று பக்கம் பேராசிரியர் வீடுகள் (இவற்றைத்தான் பெவிலியன் என்பார்கள்), அவற்றை இணைக்கும் மாணவர் அறைகள், முன்னால் ஒரே நடைத்தாழ்வாரம். நடுவில் தலைமைக் கட்டிடம் என்று எதுவும் கிடையாது. அங்கே குவிமாடத்தோடு பெரிய கட்டிடம் ஒன்று வேண்டும் என்று எழுதியவர் லட்ரோப். ரோட்டண்டாவின் வித்து அந்தக் கடிதம். கீழே வளைவு வரிசை, மேலே தூண் வரிசை என்று நிற்கும் ஏழாம் பெவிலியனின் முகப்பில் தார்ன்டன் அனுப்பிய படத்தின் சாயல் இருக்கிறது.

அடிக்கல் விழுந்ததும் அந்த ஏழாம் பெவிலியனுக்குத்தான், 1817 அக்டோபர் 6. ஜெபர்சன், மேடிசன், பதவியில் இருந்த அதிபர் மன்றோ மூவரும் வந்திருந்தார்கள். அன்று அதன் பெயர் சென்ட்ரல் காலேஜ். பல்கலைக்கழகமாக மாநிலம் சாசனம் கொடுத்தது 1819 ஜனவரி 25. உங்கள் மாதிரியின் பெயர்ப் பலகையில் 'தொடக்கம் 1819' என்று மட்டும் போட்டால் ஒன்றேகால் வருட வேலை கணக்கில் வராமல் போகும்.

முழக்கோல் · 4 பிப்ரவரி, பிற்பகல்

அடித்தளப் பலகை வெட்டும் முன் இதைப் படியுங்கள். சமதளப் பலகையில் ஒட்டிவிடாதீர்கள்.

இடம் உழுது உழுது சத்துப்போன பழைய வயல், குறுகலான மேட்டு முதுகு. முதல் யோசனையில் இருந்த அகலமான சதுரம் அதில் உட்காராது. எனவே நடுவெளியைச் சுமார் 200 அடி அகலத்துக்குச் சுருக்கி, வடக்கு தெற்காக நீட்டினார்கள். மேடு தெற்கு நோக்கி இறங்குவதால் புல்வெளி படிப்படியாக வெட்டப்பட்டது. 1:200-ல் 200 அடி என்பது 305 மி.மீ. வடக்கு முனையில் ரோட்டண்டா மிக உயர்ந்த மட்டத்தில் இருக்கும், தெற்கே போகப்போகத் தளம் இறங்கும். தாழ்வாரத் தரையும் அதோடு சேர்ந்து இறங்க வேண்டும். நேர்கோடாக ஒரே உயரத்தில் தாழ்வாரம் போட்டால் கடைசிப் பெவிலியன் தரையைத் தொடாது.

நூல் பிடித்தது எப்படி என்று ஜெபர்சனின் பண்ணைக் கண்காணிப்பாளர் எட்மண்ட் பேக்கன் பிற்காலத்தில் சொல்லி வைத்திருக்கிறார். கடையில் வாங்கிய ஒரு உருண்டை நூல், கூரைக்குப் போடும் மர ஓடுகளைச் சீவிச் செய்த முளைகள். முதல் முளை ஜெபர்சன் அடித்தது, இரண்டாவது பேக்கன். நூலின் ஒரு முனை இவர் கையில், மறு முனை அவர் கையில். சட்டைப்பையில் எப்போதும் இருக்கும் சிறு அளவுகோலால் அளந்து அடித்தளத்தைக் குறித்தார்கள். அன்று ஜெபர்சனுக்கு வயது 74.

பெவிலியன்களைச் சம இடைவெளியில் வைக்காதீர்கள். ரோட்டண்டாவை விட்டுத் தெற்கே போகப்போக இடைவெளி கூடும், அதாவது நடுவில் வரும் மாணவர் அறைகளின் எண்ணிக்கை கூடும். மேற்கு வரிசையில் ஒற்றை எண்கள், கிழக்கில் இரட்டை. ஐந்தும் ஐந்தும் பத்து. பத்துக்கும் பத்து முகப்பு, ஒன்றைப்போல் இன்னொன்று இல்லை. ரோமானியத் தூண் வகைகளை மாணவர்கள் வாசலிலேயே பார்த்துப் படிக்கட்டும் என்பது நோக்கம்.

தூக்குக்குண்டு · 4 பிப்ரவரி, இரவு

அண்ணே, வெளி வரிசையை விட்டுட்டீங்க. புல்வெளியைப் பார்த்து நிக்கிறது உள் வரிசைகள். அதுக்குப் பின்னால, தோட்டத்தைத் தாண்டி, கிழக்கும் மேற்கும் ஒவ்வொரு வெளி வரிசை உண்டு. அங்கே தூண் கிடையாது, செங்கல் வளைவு. பக்கத்துக்கு மூணு சாப்பாட்டு விடுதி, ஆக ஆறு. மாணவர் அறை உள்ளும் வெளியும் சேர்த்து 109. பாதிப் பேர் மாதிரி செய்யும்போது வெளி வரிசையிலயும் தூணை நட்டுடறாங்க.

முழக்கோல் · 5 பிப்ரவரி

ஆமாம், அது முக்கியம். எழுத்தாளர் எட்கர் ஆலன் போ 1826-ல் மாணவராக இருந்த அறையும் மேற்கு வெளி வரிசையில்தான்.

இனி யார் கட்டியது. கணக்கும் மேற்பார்வையும் ப்ராக்டர் பதவியிலிருந்த ஆர்தர் பிராக்கன்ப்ரோ. தச்சு வேலையில் ஜேம்ஸ் டின்ஸ்மோர், ஜான் நீல்சன், இருவரும் அயர்லாந்துக்காரர்கள், ஜெபர்சனின் வீடான மான்டிசெல்லோவில் அவரோடு வேலை பார்த்தவர்கள். நிலத்தை விற்ற ஜான் பெர்ரியே ஒப்பந்தக்காரராகவும் இருந்தார். இந்தப் பெயர்கள் எல்லாம் ரசீதில் இருக்கின்றன. மண்ணை வெட்டி மேட்டைச் சமன் செய்தவர்கள், செங்கல் அறுத்தவர்கள், சூளைக்கு விறகு பிளந்தவர்கள், கல் சுமந்தவர்கள் பெரும்பாலும் அடிமைகளாக வைக்கப்பட்டிருந்த கறுப்பின மக்கள். ஆண்டு வாடகைக்கு அவர்களை எடுத்தார்கள். பணம் உழைத்தவர் கைக்குப் போகவில்லை, உடைமையாளருக்குப் போனது. முதல் முளை அடித்த பின் நிலத்தை வெட்டிச் சமன் செய்ய இறங்கிய 10 பேரிலிருந்தே இது தொடங்குகிறது.

செங்கல் வேலை என்ன என்று தெரிந்தால்தான் இதன் எடை புரியும். குளிர்காலத்துக்கு முன்பே களிமண்ணை வெட்டிக் குவித்துவிட வேண்டும். உறைந்து உருகி உறைந்து உருகிக் கட்டிகள் தானாக உதிரும். வசந்தத்தில் தண்ணீர் விட்டு மிதித்துப் பதப்படுத்தி, அச்சில் அறுத்து, நிழலில் உலர்த்தி, பிறகு காளவாய் அடுக்கி நாள்கணக்கில் இரவு பகலாக எரிக்க வேண்டும். நெருப்பு வாய்க்கு அருகில் இருந்த கல் கறுத்துக் கண்ணாடிபோல் இறுகும். வெளி அடுக்கில் இருந்தது வெளிறி மெத்தென்று இருக்கும். மெத்தென்ற கல்லை வெளிமுகத்தில் வைத்தால் ஒரு பனிக்காலம் தாங்காது, எனவே அது சுவரின் வயிற்றுக்குள் போகும். முகப்புக்கு எண்ணெய் தடவிய அச்சில் அறுத்த கல் தனியாக. மணல் தூவிய அச்சுக் கல்லைவிட அதன் முகம் வழவழப்பாக, முனை கூர்மையாக இருக்கும், காரைக் கோடு மெலிதாகப் போதும். பெவிலியன் முகப்பையும் பக்கச் சுவரையும் ஒரே படத்தில் பெரிதாக்கிப் பாருங்கள், இரண்டும் ஒரே கல் இல்லை என்பது தெரியும்.

1:200-ல் கல் வரிசை எதுவும் தெரியப்போவதில்லை. நிறம் மட்டும் மாற்றுங்கள், முகப்புக்கு ஒரு பிடி அழுத்தமான சிவப்பு.

நூல்கண்டு · 5 பிப்ரவரி, இரவு

நன்றி சார். வெள்ளைத் தூண் வேண்டாம்னு சொன்னீங்களே, காரணம்? அப்புறம் தட்டைக் கூரைன்னா மேல என்ன போடறது? எங்க ஊரிலேயே மொட்டை மாடி ஒழுகுது, அங்க பனி வேற பெய்யுமே.

முழக்கோல் · 6 பிப்ரவரி

தூண் சுருக்கமாக. தாழ்வாரத் தூண்கள் கல் தூண் இல்லை. வட்டத்துக்கு ஏற்ப வடிவமைத்த செங்கல்லை அடுக்கி மேலே சுண்ணாம்புப் பூச்சு. அந்தப் பூச்சு மணலின் இயல்பான நிறத்தில், கல்லைப்போல் தோன்றும்படி விடப்பட்டது. வெள்ளையடிப்பு பின்னால் ஏறியது. பத்தாம் பெவிலியனைச் சில ஆண்டுகளுக்கு முன் பழுதுபார்த்தபோது பூச்சின் அடுக்குகளைச் சுரண்டிப் பார்த்து, அதன் தூண்களை மணல் நிறத்துக்குத் திருப்பினார்கள். பக்கத்தில் மற்றவை வெள்ளையாகவே நிற்பதால் ஒரே பார்வையில் இரு காலமும் தெரியும். உங்களுக்கு வேண்டியது அந்த மணல் நிறம்.

முழக்கோல் · 6 பிப்ரவரி, இரவு

இப்போது கூரை. இந்த வளாகத்தில் மிக அதிகமாகப் பாடம் இருக்கும் இடம் இதுதான், அதனால் நீளமாக எழுதுகிறேன்.

மாணவர் அறைகளின் மேல் ஜெபர்சனுக்குத் தட்டையான தளம் வேண்டியிருந்தது. இரண்டு காரணம். ஒன்று தோற்றம்: கூரை சாய்ந்து எழுந்தால் பெவிலியன் முகப்புகள் தனித்தனியாக எழுந்து நிற்பது கெடும். மற்றது பயன்பாடு: பெவிலியனின் கீழ்த்தளம் வகுப்பறை, மேல்தளம் பேராசிரியர் குடும்பம். அந்தக் குடும்பம் மாடியிலிருந்து வெளியே வந்து, மாணவர் தலைகளுக்கு மேலேயே நடந்து அடுத்த வீட்டுக்குப் போகலாம். அதற்குத்தான் குறுக்குச் சட்டம் போட்ட சீன பாணிக் கைப்பிடி வேலி.

தட்டையாகத் தெரியும் அந்தத் தளத்துக்குள் ஒளிந்திருந்தது குட்டிக் குட்டி முகடுகளின் வரிசை. உத்தர மரத்தின் மேல்புறத்தை நீளவாக்கில் குடைந்து வாய்க்கால் ஆக்கினார்கள். இரண்டு வாய்க்காலுக்கு நடுவே கூடாரம்போல ஒரு குறு முகடு, மேலே மர ஓடு. முகடு, வாய்க்கால், முகடு, வாய்க்கால் என்று முழு நீளமும் போகும். இதன்மேல் இடைவெளி விட்டுப் பலகைத் தளம். மழை பலகை இடுக்கில் இறங்கி, முகட்டில் வழிந்து, வாய்க்காலில் ஓடி, சுவர் ஓரத்தில் வெளியே விழ வேண்டும். மான்டிசெல்லோவிலும் இதே முறையை அவர் பயன்படுத்தியிருந்தார்.

காகிதத்தில் குறையே தெரியாது. நடந்தது வேறு. முகடு குட்டியாக இருப்பதால் சாய்வும் குட்டி, தண்ணீர் மெதுவாகத்தான் இறங்கும். வாய்க்காலின் அடி கிட்டத்தட்ட மட்டம். இலையும் மண்ணும் பலகை இடுக்கில் விழுந்து வாய்க்காலில் தங்கும், ஆனால் மேலே பலகை ஆணியடித்துக் கிடப்பதால் யாரும் உள்ளே கைவிட்டு அள்ள முடியாது. கோடையில் மரம் காய்ந்து சுருங்கி நீளவாக்கில் வெடிக்கும், வெடித்த கோடு வாய்க்காலின் நட்டநடுவில். குளிரில் தேங்கிய நீர் உறைந்து அந்த வெடிப்பை அகலமாக்கும். அடியில் மாணவர் கட்டில். எத்தனை முகடு உண்டோ அத்தனை வாய்க்கால், எத்தனை வாய்க்கால் உண்டோ அத்தனை ஒழுகுமிடம். சாதாரணச் சாய்கூரைக்கு ஓரத்தில் ஒரே வாய்க்கால்தான், அதுவும் அறைக்கு வெளியே.

கட்டிய சில ஆண்டுகளிலேயே புகார் தொடங்கிவிட்டது. 1830-களிலிருந்து பழையதைப் பிரிக்காமல் அதன்மேலேயே ஸ்லேட் சாய்கூரை போட்டார்கள். சில இடங்களில் குட்டி முகடுகள் ஸ்லேட்டுக்கு அடியில் அப்படியே கிடைத்திருக்கின்றன. மூடி வைத்ததால் பிழைத்தன. அதைப் பார்த்துத்தான் இன்று வெட்டுமுகம் இவ்வளவு துல்லியமாகத் தெரிகிறது.

மாதிரிக்கு: மேலே பலகைத் தளம் மூடியிருப்பதால் முகடு எதுவும் செய்ய வேண்டாம். தட்டை அட்டை, மேலே மெல்லிய நீளக்கோடு, ஓரத்தில் சீனக் கைப்பிடி வேலி. ஆசை இருந்தால் ஓரிடத்தில் மட்டும் பலகையைப் பிரித்து 1:20-ல் தனி வெட்டுமுகம் செய்யுங்கள். பார்க்கிறவர் கேட்கும் முதல் கேள்விக்கு அதுவே பதில்.

ஏட்டுச்சுவடி · 7 பிப்ரவரி

பாம்புபோல் வளைந்து போகும் தோட்டச் சுவரை மறந்துவிடாதீர்கள். அது ஜெபர்சனின் சொந்தக் கண்டுபிடிப்பு, பார்வைக்காகவே அப்படிக் கட்டினார்.

முழக்கோல் · 7 பிப்ரவரி

இரண்டும் இல்லை. இங்கிலாந்தில், குறிப்பாக சஃபோக் பகுதியில், அவருக்கு முன்பே இப்படிச் சுவர் உண்டு. காரணமும் செங்கல் கணக்கு.

அரைக்கல் சுவரை, அதாவது நாலரை அங்குலத் தடிமனில், நேராக எழுப்பினால் காற்று தள்ளிவிடும். நடுநடுவே தூண் முட்டு வேண்டும், இல்லையென்றால் ஒரு கல் தடிமனாக்க வேண்டும். அதையே வளைத்து வளைத்துக் கொண்டுபோனால் ஒரு வளைவு அடுத்த வளைவுக்கு முட்டு. 100 அடி நீளத்துக்கு ஒரு கல் நேர்ச்சுவர் கட்டுவதாக வையுங்கள். வளைத்தால் நீளம் கால் பங்கு கூடி 125 அடி ஆகிறது, ஆனால் தடிமன் பாதி. அப்படியானால் செங்கல் 100-க்கு 62 அல்லது 63. மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மிச்சம்.

கெடுவது எங்கே? அரைக்கல் சுவரில் ஒவ்வொரு கல்லுக்கும் இரண்டு முகமும் வெயில் மழை. ஒளிந்துகொள்ள உள்வரிசை இல்லை. அடியிலிருந்து ஈரம் ஏறும், பனியில் உறைந்து முகம் பொரிந்து உதிரும். மர வேர் ஒரு வளைவை நகர்த்தினால் முட்டு போய்ப் பக்கத்து வளைவும் சாயும். இன்று நிற்பவை பெரும்பாலும் திரும்பக் கட்டியவை. வர்ஜீனியா தோட்டக் கழகம் மேற்குத் தோட்டங்களை 1948-லிருந்து 1952 வரையிலும் கிழக்கை 1960-களிலும் சீரமைத்தது.

தூக்குக்குண்டு · 7 பிப்ரவரி, இரவு

அந்தச் சுவருக்குள்ள என்ன இருந்துச்சுங்கிறதையும் சொல்லணும் அண்ணே. இப்போ பூச்செடியும் பெஞ்சும். அப்போ சமையற்கட்டு, புகைபோட்டு இறைச்சி வைக்கிற அறை, விறகு, கழிப்பறை, அடிமைகளா இருந்தவங்க வேலை செஞ்சு தூங்கின இடம். சுவரும் இப்போ இருக்கிறதைவிட உயரம். புல்வெளிப் பக்கம் நிக்கிறவனுக்கு வேலை செய்யறவங்க கண்ணில் படாம இருக்கணும்னே அமைஞ்ச மாதிரி. மாதிரியில் தோட்டத்தை வெறும் பச்சை அட்டையா விட்டா அந்த வளாகத்தில் பாதியை விட்டதா அர்த்தம்.

முழக்கோல் · 8 பிப்ரவரி

தூக்குக்குண்டு சொன்னதை அப்படியே வைக்க வேண்டும். கட்டத் தொடங்கிய நாளிலிருந்து உள்நாட்டுப் போரின் முடிவு வரை அங்கே அடிமைகளாக உழைத்தவர்கள் சுமார் 4,000 பேர் என்பது பல்கலைக்கழகத்தின் கணிப்பு. 2020-ல் கட்டி முடித்த நினைவிடம் 80 அடி விட்டமுள்ள கருங்கல் வளையம், கிட்டத்தட்ட ரோட்டண்டாவின் அளவுக்கு ஒத்து. பெயர் தெரிந்தவர்களுக்குப் பெயர் பொறித்திருக்கிறார்கள். தெரியாதவர்களுக்குக் கல்லில் ஒரு வெட்டுக்கோடு மட்டும்.

1:200-ல் அரைக்கல் தடிமன் அரை மி.மீ. சொச்சம்தான் வரும். அரை மி.மீ. அட்டையை ஈரப்படுத்தி, ஒரே விட்டமுள்ள குச்சிகளில் மாறி மாறிச் சுற்றிக் காயவிட்டால் வளைவு நிற்கும். வெட்டி ஒட்டினால் மூட்டு தெரியும்.

நூல்கண்டு · 9 பிப்ரவரி

செஞ்சு பார்த்தேன் சார், வளைவு நிக்குது. இப்போ ரோட்டண்டா. ரோமிலுள்ள பாந்தியனோட பாதின்னு படிச்சேன். ஆனா பாந்தியனோட உள்விட்டம் 142 அடிக்கு மேல, பாதி போட்டா 71. எல்லா இடத்திலும் 77-ன்னு இருக்கே?

முழக்கோல் · 9 பிப்ரவரி

உள்ளளவு, வெளியளவுக் குழப்பம். ஜெபர்சன் தன் வரைபடத்திலேயே எழுதியிருக்கிறார்: விட்டம் 77 அடி, பாந்தியனில் பாதி, ஆகவே பரப்பில் கால், கொள்ளளவில் எட்டில் ஒன்று. அந்த 77 ரோட்டண்டாவின் உள்விட்டம் அல்ல, வெளியளவு. உயரமும் 77 அடி, ஒரு கோளம் அடங்கும் கணக்கு. உங்களுக்கு 117 மி.மீ.

பாந்தியன் கோயில், இது நூலகம். மேலே குவிமாட அறையில் புத்தகம், கீழ் இரண்டு தளத்திலும் முட்டை வடிவ அறைகள். வளாகத்தின் தலைமாட்டில் தேவாலயம் வைப்பது அக்காலக் கல்லூரி வழக்கம். அங்கே நூலகத்தை வைத்ததும், இறையியலுக்குப் பேராசிரியர் பதவியே வைக்காததும் ஒரே முடிவின் இரண்டு பக்கங்கள்.

குவிமாடம் மரம். 16-ஆம் நூற்றாண்டு பிரெஞ்சுக்காரர் ஃபிலிபெர் தெலோர்மின் முறை. நீண்ட வளைந்த மரம் தேவையில்லை. குட்டைப் பலகைகளை வளைவாக அறுத்து, அடுக்கு அடுக்காகச் சேர்த்து, ஒரு அடுக்கின் மூட்டு அடுத்த அடுக்கின் நடுவில் வரும்படி ஆணியடித்தால் முழு விலா வளைவு கிடைக்கும். கனமும் குறைவு, மலிவும்கூட. ஜெபர்சன் 1786-ல் பாரிஸ் தானியச் சந்தையின் குவிமாடத்தில் இந்த முறையைப் பார்த்து மனதைப் பறிகொடுத்தார். அந்தச் சந்தைக் குவிமாடம் 1802-ல் எரிந்து போனது. மெல்லிய உலர்ந்த பலகை, நடுவே காற்று புகும் இடைவெளி, உச்சியில் புகைபோக்கிபோல் ஒரு துளை: பற்றினால் நிற்காது.

மேல்மூடி தகரம் பூசிய தகடு. உச்சிக் கண்ணாடிச் சாளரம் ஆரம்பத்திலிருந்தே ஒழுகியது.

முழக்கோல் · 9 பிப்ரவரி, நள்ளிரவு

தூண்தலை விட்டுப்போயிற்று. 1819-ல் இத்தாலியிலிருந்து மிக்கேல், ஜாக்கொமோ ராஜ்ஜி என்ற இரு சிற்பிகளை வரவழைத்தார்கள். உள்ளூர்க் கல்லைக் கொடுத்தார்கள். அது நுண்வேலைக்கு வளைந்து கொடுக்காத கல். கொரிந்திய இலையின் மெல்லிய நுனியைச் சீவப்போனால் நுனியோடு சில்லும் பெயர்ந்து வரும். ஓரிரு ஆண்டில் அந்த முயற்சியைக் கைவிட்டு, இத்தாலியின் லிவோர்னோ துறைமுகத்திலிருந்த அமெரிக்கத் தூதரக அதிகாரி (கான்சல்) தாமஸ் ஆப்பிள்டன் வழியாக, அங்குள்ள கராராவிலேயே சலவைக்கல்லில் செதுக்கி வாங்கினார்கள். ரோட்டண்டாவுக்கானவை 1825-ல் வந்தன. சுங்க வரியைத் தள்ளுபடி செய்யக்கோரி காங்கிரஸுக்கு மனுவே போடவேண்டி வந்தது. கல்லைச் சோதித்த பிறகு சிற்பியை அழைத்திருந்தால் இத்தனை செலவு இல்லை.

தீக்குப் பின் ஏறிய தூண்தலைகளும் நூறாண்டில் உதிர ஆரம்பித்து, துண்டு கீழே விழாதபடி கறுப்பு வலை கட்டி வைத்திருந்தார்கள். 2016-ல் முடிந்த பழுதுபார்ப்பில் மறுபடியும் கராரா சலவைக்கல்லுக்கே போனார்கள்.

ஏட்டுச்சுவடி · 10 பிப்ரவரி

1895-ல் டைனமைட் வைத்து ரோட்டண்டாவைத் தகர்த்தது ஒரு பேராசிரியர்தானே?

முழக்கோல் · 10 பிப்ரவரி

தகர்த்தது இணைப்பு மண்டபத்தை. காப்பாற்றத்தான் வைத்தார். வரிசையாகப் பார்ப்போம்.

மாணவர் கூட்டம் பெருகியதும் 1851 முதல் 1853 வரை ராபர்ட் மில்ஸ் வரைபடத்தில் ரோட்டண்டாவின் வடபுறம் நீண்ட கூடுதல் கட்டிடம் (அனெக்ஸ்) ஒன்றைக் கட்டி, ஒரு மண்டபத்தால் இணைத்தார்கள். 1895 அக்டோபர் 27, ஞாயிறு காலை, தீ அந்த அனெக்ஸில் தொடங்கியது. மின்கம்பிக் கோளாறு என்பது பரவலான கணிப்பு. குழாயில் தண்ணீரின் வேகம் போதவில்லை. அனெக்ஸ் போனாலும் ரோட்டண்டா பிழைக்கட்டும் என்று பேராசிரியர் வில்லியம் எக்கோல்ஸ் நடுமண்டபத்துக்கு டைனமைட் வைத்தார். மண்டபம் விழுந்தது, ஆனால் ரோட்டண்டாவின் வடபுறம் திறந்துகொண்டு தீக்கும் காற்றுக்கும் வழி கிடைத்தது. பிறகு மரக் குவிமாடம் தன் வேலையைக் காட்டியது. சுமார் 56,000 புத்தகத்தில் 17,000 போல வெளியே வந்தன. கால்ட் செதுக்கிய ஜெபர்சன் சலவைக்கல் சிலையை மாணவர்கள் மெத்தைமேல் சாய்த்து இழுத்துக் காப்பாற்றினார்கள். அபாய மணியடித்தவர் ஹென்றி மார்ட்டின். மான்டிசெல்லோவில் அடிமையாகப் பிறந்தவர், போருக்குப் பின் பல பத்தாண்டுகள் பல்கலைக்கழகத்தில் மணியடித்தவர்.

மறுகட்டுமானம் கட்டிடக்கலைஞர் ஸ்டான்ஃபோர்ட் வைட். மரத்தை விட்டு குவாஸ்தவினோ ஓட்டுக் குவிமாடம்: மெல்லிய ஓடுகளைத் தட்டையாக, அடுக்கின்மேல் அடுக்காக, மூட்டு மாற்றிக் காரையில் ஒட்டுவது. எரிய எதுவும் இல்லை. அதோடு நடுத்தளத்தை எடுத்துவிட்டு உள்ளே ஒரே உயரக் கூடமாக்கினார், வடக்கு மண்டபமும் சேர்த்தார். 1973-லிருந்து 1976 வரை நடந்த வேலையில் உட்புறத்தை மறுபடி ஜெபர்சனின் மூன்று தளத்துக்குத் திருப்பினார்கள். வடக்கு மண்டபம் மட்டும் அப்படியே நின்றுவிட்டது, அதனால்தான் உங்கள் போட்டோவில் அது இருக்கிறது. எனவே 1826-க்கு: வடபுறம் மண்டபமும் இல்லை, அனெக்ஸும் இல்லை.

தூக்குக்குண்டு · 11 பிப்ரவரி

தீயில் தப்பின ஒண்ணையும் சேர்த்துக்கலாம். கீழ்த்தளத்துச் சுவருக்குள்ள 2015-ல கிடைச்ச வேதியியல் அடுப்பு. அரைவட்ட மாடக்குழி, ரெண்டு நெருப்புக்குழி, விறகுக்கு ஒண்ணு கரிக்கு ஒண்ணு. தரைக்கடியில் செங்கல் சுரங்கம் வழியா காற்று வரும், புகை மேல போகும். மாணவர்கள் நின்னு செய்ய கல் மேடையில வெட்டின அஞ்சு இடம். முதல் வேதியியல் பேராசிரியர் ஜான் எம்மெட் காலத்தது. 1840-கள்ல சுவர் வச்சு அடைச்சிட்டாங்க, அதனால தீ தொடலை.

முழக்கோல் · 11 பிப்ரவரி

நல்லது. அது கீழ்த்தளத்தில் இருந்ததற்கும் காரணம் உண்டு: மேலே நூலகம் இருக்க, வேலையில் தண்ணீர் தூக்கவும் கரி சுமக்கவும் தரைமட்டமே வசதி.

நூல்கண்டு · 12 பிப்ரவரி

கடைசியா ஒண்ணு. 1817-ல அடிக்கல் போட்டுட்டு 1825 வரைக்கும் வகுப்பே தொடங்கலையே, ஏன்? ரெண்டு மூணு பெவிலியன் முடிஞ்சதும் திறந்திருக்கலாமே?

முழக்கோல் · 12 பிப்ரவரி

திறக்கச் சொல்லி நெருக்கடி இருந்தது. ஜெபர்சன் பிடிவாதமாக மறுத்தார். பாதியில் திறந்தால் வருமானம் சம்பளத்துக்குப் போய்விடும், கட்டிடம் அங்கேயே நின்றுவிடும், இன்னொரு சிறிய கல்லூரியாக முடங்கிவிடும் என்பது அவர் கணக்கு. மாநிலம் கொடுத்தது ஆண்டுக்கு 15,000 டாலர். கட்டுமானத்துக்கு மாநிலக் கல்வி நிதியிலிருந்து 60,000 டாலர் வீதம் மூன்று முறை கடன். ஒவ்வொரு முறையும் ரிச்மண்ட் சட்டமன்றத்தில் முட்டிமோதியவர் ஜோசப் கேபல். 1,80,000 டாலர் கடனையும் 1824-ல் தள்ளுபடி செய்ய வைத்தார்கள். என் கருத்தில் அந்தப் பிடிவாதம் இல்லையென்றால் ரோட்டண்டா எழும்பியிருக்காது. அதே பிடிவாதம்தான் கூரையை மாற்றவும் விடவில்லை.

திறப்பு 1825 பிப்ரவரி 1 என்று இருந்தது. ஆசிரியர் தேடி பிரான்சிஸ் வாக்கர் கில்மர் பிரிட்டனுக்குப் போய் ஐந்து பேரைப் பிடித்தார். அதில் மூவர் ஏறிய காம்பெடிட்டர் என்ற கப்பல் தாமதமானதால் மார்ச் 7-க்குத் தள்ளிப்போனது. ரோட்டண்டா அன்றும் முடியவில்லை. முந்தைய நவம்பரில் பிரெஞ்சுத் தளபதி லஃபாயெட்டுக்கு விருந்து வைத்ததும் அந்த முடியாத கட்டிடத்துக்குள்தான். 1826 ஜூலை 4-ல் ஜெபர்சன் இறந்தபோதும் வேலை பாக்கி இருந்தது.

ஆகவே ரோட்டண்டாவைப் பளபளவென்று முடித்து வைக்காதீர்கள். தெற்கு முகப்பில் ஆறு தூண், தலைகளுக்கு வெண்மை, உடலுக்கு மணல் நிறம். இருபுறமும் வளைவுகளோடு தாழ்ந்த சிறகுகள் உண்டு, அவை உடற்பயிற்சிக்கு. தெற்குச் சிறகுகள் மட்டும் போதும், வடக்குச் சிறகுகள் வைட் சேர்த்தவை. இன்றைய பெரிய மரங்களை நடாதீர்கள். புல்வெளியின் தெற்கு முனை திறந்தே இருக்கட்டும், அங்கே பலகையை இன்னும் 100 மி.மீ. நீட்டி நிலம் சரிவதைக் காட்டுங்கள். கைப்பிடி வேலியை லேசரில் வெட்டுவதானால் அரை மி.மீ. அட்டைக்குக் குறைய வேண்டாம், சட்டங்கள் எரிந்து போகும்.